முழங்கால் தேய்வு: மூட்டுக்குள்ளே நடப்பது என்ன?

(நூற்றாண்டு விழாவையொட்டி, கெலிஓயாவில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவம் படித்த பழைய மாணவிகள் சார்பில் பயனுள்ள பேச்சொன்று வேண்டும் என்று செயற்குழு கேட்டது. நீரிழிவு, இருதயம், புற்றுநோய் என்று பல தலைப்புகளை யோசித்தோம். பிறகு இன்று காலை மண்டபப் படிகளில் நம்மில் எத்தனை பேர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினோம் என்று எண்ணிப் பாருங்கள். இந்தத் தலைப்பு ஏன் என்று விளக்கத் தேவையிருக்காது.

பேராதனை, கம்பளை வீதியோரத்தில் கெலிஓயா சமதரையாகத்தான் தெரிகிறது. ஆனால் நம்மில் பாதிப்பேரின் வீடு மேட்டில் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் படி. கடைக்குப் போனால் படி. சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கும் பெண்களின் முழங்கால்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் 52 கோடியே 80 இலட்சம் பேர் மூட்டுத் தேய்வோடு வாழ்ந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 60 பேர் பெண்கள். மற்றெந்த மூட்டையும்விட முழங்கால்தான் அதிகம் பாதிக்கப்படுகிறது. ஆகவே இது நமது கதைதான்.

கிளினிக்கில் நாங்கள் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு: “டொக்டர், எக்ஸ்ரேயில எலும்பு தேஞ்சு போச்சாம்.” சொல்பவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தேய்ந்தது திரும்பாது, இனி நடந்தால் மேலும் தேயும் என்று அவரே முடிவு செய்துவிடுவார். முதலில் படி ஏறுவதை நிறுத்துவார். பிறகு சந்தைக்குப் போவதை, பிறகு கல்யாண வீடுகளை. தொடைத் தசை மெலியும், உடல் எடை கூடும், சீனி வருத்தம் கட்டுப்பாட்டை மீறும். இரண்டு வருடத்தில் அவர் வீட்டுக்குள் ஒரு கதிரையோடு நின்றுவிடுவார். இதில் பெரும்பகுதியைச் செய்தது ‘தேய்மானம்’ என்ற அந்தச் சொல். சப்பாத்தின் அடி தேய்வதுபோல் முழங்கால் தேய்கிறது என்ற எண்ணம் அரைகுறை உண்மை. மீதி உண்மை என்ன என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

நாம் எல்லோரும் விஞ்ஞானப் பாடத்தில் இழையங்கள் பற்றிப் படித்திருக்கிறோம். ‘கசியிழையத்தில் குருதிக்கலன்கள் இல்லை’ என்று ஒரு வரி எழுதினால் ஒரு புள்ளி கிடைக்கும். பரீட்சை முடிந்ததும் அதை மறந்துவிட்டோம். அந்த ஒரு வரியில்தான் இன்றைய விஷயம் முழுவதும் இருக்கிறது.

முழங்காலில் இரண்டு என்புகள் சந்திக்கும் முனைகளில் சில மில்லிமீற்றர் தடிப்பில் வழுவழுப்பான கசியிழையம் படிந்திருக்கிறது. அது வெறும் ரப்பர் திண்டு அல்ல. அதற்குள் உயிருள்ள கலங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நேரடியாகக் குருதி வருவதில்லை. மூட்டுக்குள் இருக்கும் பாயத்திலிருந்து ஊறிவரும் உணவையும் ஒட்சிசனையும் கொண்டுதான் அவை வாழ்கின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு 21. கசியிழையத்தின் மேற்படையில் அது 6, 7 அளவுக்குக் குறைகிறது. ஆழத்தில் ஏறத்தாழ 1 ஆகிறது. மூளைக் கலம் என்றால் சில நிமிடங்களில் இறந்துவிடும். கசியிழையக் கலமோ பிறந்தது முதல் அந்தக் குறைவிலேயே சமையல் செய்து சாப்பிட்டு வாழப் பழகியது.

அது எப்படி முடிகிறது? கலங்கள் ஒட்சிசன் அளவை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் விதத்தைக் கண்டறிந்தமைக்காக வில்லியம் கெலின், பீற்றர் ரட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுடைய ஆய்வின் நடுவில் நிற்பது ஹிஃப் என்ற புரதம். ஒட்சிசன் போதியளவு இருக்கும்போது கலம் இந்தப் புரதத்தை உண்டாக்கி, உடனேயே அழித்துவிடுகிறது. கரும்பலகையில் எழுதியதை டஸ்டரால் அழிப்பதுபோல. ஒட்சிசன் குறைந்தால் அழிக்கும் கை நின்றுவிடும். புரதம் சேர்ந்து, கலத்தின் கருவுக்குள் போய், தேவையான பரம்பரை அலகுகளை விழிக்கச் செய்யும்.

இந்தப் புரதத்தில் நமக்கு முக்கியமானவை இரண்டு. ஹிஃப்-1 அல்பா ஒன்று, ஹிஃப்-2 அல்பா மற்றொன்று. அக்கா, தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பொறுப்பானவள். குறைந்த ஒட்சிசனில் கலம் சக்தியைப் பெறவும், கசியிழையத்தின் மூலப்பொருளை உண்டாக்கவும் அவள் துணை செய்கிறாள். 2001இல் வெளியான ஒரு ஆய்வில், வளரும் எலிகளின் கசியிழையத்திலிருந்து ஹிஃப்-1 அல்பாவை நீக்கிப் பார்த்தார்கள். ஒட்சிசன் மிகக் குறைந்த நடுப்பகுதியில் இருந்த கலங்கள் இறந்துபோயின. அதாவது ஆரோக்கியமான மூட்டில் ஒட்சிசன் குறைவு நோய் அல்ல. அது அந்த வீட்டின் வழமை.

தங்கையின் கதை 2010இல் வெளிவந்தது. தென்கொரியாவிலும் ஜப்பானிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்து, ஒரே மாதத்தில் ஒரே சஞ்சிகையில் வெளியிட்டன. ஹிஃப்-2 அல்பா கூடினால், கசியிழையத்தை அரிக்கும் நொதியங்களைக் கலமே சுரக்கத் தொடங்குகிறது. அந்தப் பரம்பரை அலகின் ஒரு பிரதியைக் குறைத்த எலிகளில் மூட்டுத் தேய்வு குறைந்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தங்கையை உசுப்பிவிடுவது ஒட்சிசன் குறைவு மட்டுமல்ல. மூட்டில் அழற்சி ஏற்படும்போது சுரக்கும் இன்டர்லியூக்கின்-1 போன்ற இரசாயனத் தூதுகள்தான் அவளைப் பெருமளவில் எழுப்புகின்றன. ஆக, நமது மூட்டின் கசியிழையம் உராய்ந்து மட்டும் தேய்வதில்லை. அழற்சி சொல்லும் தவறான கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, அதன் கலங்களே அதை உள்ளிருந்து அரிக்கின்றன.

அழற்சி எங்கிருந்து வருகிறது? பழைய அடி, சில்லென்பு விலகல், கிழிந்த தசைநார், வருடக்கணக்கில் கூடைச் சுமை, அளவுக்கு மீறிய உடல் எடை, கட்டுப்படாத நீரிழிவு. கொழுப்பிழையம் சும்மா கிடக்கும் மூட்டை அல்ல. அதுவும் அழற்சித் தூதுகளைச் சுரக்கிறது. பாரம் சுமக்காத விரல் மூட்டுகளும் பருமனானவர்களில் அதிகம் பாதிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டிப் பெண்களில் இந்நோய் வேகமாகக் கூடுவதையும் காண்கிறோம்.

தொடங்கியதும் ஒரு வட்டம் உருவாகிறது. மூட்டின் உள்ளே போர்த்தியிருக்கும் மென்சவ்வு வீங்குகிறது. வீங்கிய மென்சவ்வில் கலங்கள் பெருகி, இருக்கும் ஒட்சிசனைக் கூடுதலாகச் செலவழிக்கின்றன. நீர் கோத்து மூட்டுக்குள் அமுக்கம் கூடுவதால் சிறு குருதிக்கலன்கள் நசுங்குகின்றன. ஒட்சிசன் மேலும் குறைகிறது. அதைச் சமாளிக்கப் புதிய குருதிக்கலன்கள் முளைக்கின்றன; அவற்றோடு வலியை உணரும் நரம்பிழைகளும் வந்து சேர்கின்றன. அதனால் அழற்சி, அதனால் மேலும் குறைவு. எக்ஸ்ரேயில் கொஞ்சமே தேய்ந்த முழங்கால் சிலருக்கு ஏன் கடுமையாக வலிக்கிறது, நன்றாகத் தேய்ந்த முழங்காலோடு வேறு சிலர் ஏன் எசல பெரஹெர பார்க்கக் கண்டி வீதியெல்லாம் நடக்கிறார்கள் என்பதற்கு விடையில் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

இதைச் சொன்னதும் வரும் கேள்விகள் இரண்டு. முதலாவது: “மலைநாட்டில் காற்று மெல்லியது, அதனால்தானா நமக்கு வலி?” இல்லை. கெலிஓயாவின் உயரத்திலோ நுவரெலியாவின் உயரத்திலோ உள்ள காற்றுக்கு இதில் பங்கு சொல்ல முடியாது. நாம் பேசும் குறைவு மூட்டுக்குள்ளேயே உண்டாவது. குளிரில் மூட்டு இறுகி வலி கூடுதலாகத் தெரியும் என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு சுவையான செய்தி: திபெத்திய மக்கள் மிக உயரத்தில் வாழ உதவும் பரம்பரை அலகு எது என்று அதே 2010இல் கண்டறிந்தார்கள். அது நமது ‘தங்கை’ ஹிஃப்-2 அல்பாவை உண்டாக்கும் அதே அலகுதான்.

இரண்டாவது கேள்வி: “அப்படியானால் மூட்டுக்கு ஒட்சிசன் கொடுத்தால் என்ன?” குறைவில் வாழப் பழகிய கலத்துக்கு மிகுதியும் கேடு, ஒட்சிசன் கூடினால் கலத்தைத் தாக்கும் விளைபொருள்களும் கூடும். பிரச்சினை காற்றில் இல்லை, கட்டளையில் இருக்கிறது.

கட்டளையை மாற்ற மருந்து உண்டா? ஆய்வுகூடங்கள் இதில் மும்முரமாக இருக்கின்றன. ஹிஃப்-2 அல்பாவைத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் என்ற குளிசை 2021இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆனால் அது சில வகைப் புற்றுக் கட்டிகளுக்கானது. சிறுநீரகம் செங்குருதிக் கலங்களைப் பெருக்கும் ஹோர்மோனைச் சுரக்க அதே ‘தங்கை’ வேண்டும். உடல் முழுவதும் அவளைத் தடுத்தால் குருதிச்சோகை வரும். முழங்கால் வலிக்கு யாரும் அந்த விலையைக் கொடுக்க முடியாது. அதனால்தான் மூட்டுக்குள் மட்டும் வேலை செய்யும் வழியைத் தேடுகிறார்கள்.

அழற்சியைத் தடுக்கும் பக்கத்தில் ஒரு எதிர்பாராத தடயம் கிடைத்தது. மாரடைப்பு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், இன்டர்லியூக்கின்-1 பீற்றாவைத் தடுக்கும் கனகினுமாப் ஊசியை இருதயத்துக்காகச் சோதித்தார்கள். அந்தத் தரவுகளை மீண்டும் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டபோது, ஊசி பெற்றவர்களில் இடுப்பு, முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை ஏறத்தாழ 40 வீதம் குறைந்திருந்தது. உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அது மூட்டுக்கென்று திட்டமிட்ட சோதனை அல்ல. ஊசியால் கடுமையான தொற்றுகள் கூடின. மூட்டுத் தேய்வுக்கென்றே இன்டர்லியூக்கின்-1ஐத் தடுத்த வேறு சோதனைகள் எதிர்பார்த்த வலி நிவாரணத்தைத் தரவில்லை. பாதை சரியானது போலத் தெரிகிறது. ஊர் இன்னும் தூரம்.

அந்தத் தூரத்தைக் காட்டிப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே சிலவற்றை வெளிப்படையாகச் சொல்கிறோம். குளுக்கோசமைன், கொண்ட்ரோய்ட்டின் குளிசைகளை 1583 பேரிடம் சோதித்து 2006இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், மொத்தத்தில் அவை வெற்றுக் குளிசையைவிட மேலாக இருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அம்மாவுக்குப் போத்தல் போத்தலாகக் கொண்டுவருவது இதைத்தான். நமது குருதியிலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் பிளேட்லெட் ஊசியை 288 பேரிடம் சோதித்த அவுஸ்திரேலிய ஆய்வு 2021இல் வந்தது. ஒரு வருட முடிவில் உப்புநீர் ஊசிக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. ஸ்டீரொயிட் ஊசி, திடீரென வீங்கி வலிக்கும் முழங்காலுக்குச் சில வாரம் ஆறுதல் தரும். ஆனால் மூன்று மாதத்துக்கொரு தடவை என்று இரண்டு வருடம் போட்ட ஆய்வில் கசியிழையம் கூடுதலாகத் தேய்ந்தது, வலியில் உப்புநீரைவிடப் பலனும் இல்லை. அந்த முடிவு 2017இல் வெளியானது. நகையை அடகு வைத்து ஊசி போடுவதற்கு முன் இவற்றை நினைவில் வையுங்கள்.

மஞ்சளைப் பற்றிக் கேட்பீர்கள். அதிலுள்ள கர்கியூமின் வலியைக் கொஞ்சம் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. கறியில் போடும் அளவு அதற்குப் போதாது. குருதி உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் கர்கியூமின் குளிசைகளைத் தாமாக வாங்கக் கூடாது. எண்ணெய் பூசுவதும் ஒத்தடம் கொடுப்பதும் இதமானவை, தடையில்லை. பெயரும் லேபலும் இல்லாத தூள், குளிசை மட்டும் வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருப்பதுண்டு. இரண்டு நாளில் வலி மாயமாகப் பறந்து, இரண்டு மாதத்தில் முகம் ஊதி, சீனி ஏறினால் சந்தேகப்படுங்கள்.

சரி, இப்போது நம் கையில் இருப்பது என்ன? அந்த வட்டத்தை உடைக்கும் இரண்டு வழிகள் இன்றே இருக்கின்றன.

ஒன்று, அசைவு. கசியிழையம் ஸ்பொஞ்ச் போன்றது. நடக்கும்போது அழுத்துப்பட்டுப் பழைய பாயத்தை வெளியே விடும், கால் தூக்கும்போது புதியதை உறிஞ்சும். குருதி வராத இழையத்துக்கு உணவு போகும் பாதைகளில் முக்கியமானது இது. அளவான அசைவு கலத்துக்குள் அழற்சிக் கட்டளையைத் தணிக்கிறது என்றும் காட்டியிருக்கிறார்கள். ஓய்வு என்ற பெயரில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால், அந்தக் கலங்களைப் பட்டினி போடுகிறோம்.

மற்றது, எடை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. 454 பேர் பங்குபற்றி 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள் 18 மாதத்தில் சராசரியாகப் பத்துக் கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அவர்களுக்கு வலி குறைந்தது, குருதியில் அழற்சியைக் காட்டும் இன்டர்லியூக்கின்-6 என்ற தூதும் குறைந்தது. செமாகுளுடைட் ஊசி பருமனானவர்களில் முழங்கால் வலியைக் குறைத்தது என்று 2024இல் வந்த செய்தியும் இதே பக்கம்தான் நிற்கிறது. ஆனால் அது நம்மில் பலரால் வாங்கக்கூடிய விலையில் இல்லை. விலையில்லாத ஒரு இடத்திலிருந்து தொடங்கலாம். ஒரு நாளைக்கு ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால், ஏறத்தாழ 40 கிராம் சீனி தேநீரிலேயே போகிறது.

செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். அது பழகியதும், கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து உட்காருங்கள். சமதரையில் பத்து நிமிடத்தில் நடையைத் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். நடக்கும்போது கொஞ்சம் வலித்தால் பயமில்லை. மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். குந்தியிருந்து செய்யும் வேலைகளை மேசைக்கு ஏற்றுங்கள், கொமட் பாவியுங்கள், முடியாத நாளில் கதிரையில் இருந்து தொழுவதற்கும் பிரார்த்திப்பதற்கும் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

வலிக்கு முதலில் டைக்ளோபெனாக் களிம்பைப் பூசிப் பாருங்கள். அதே மருந்தைக் குளிசையாகப் பார்மசியில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேறு விஷயம். வயிற்றில் புண், குருதியமுக்கம், சிறுநீரகப் பாதிப்பு என்று அதன் கணக்கு நீளும். நீரிழிவும் பிரஷரும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். காலையில் விரல் மூட்டுகள் ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் இறுகியிருந்தால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். எல்லாம் செய்தும் இரவில் தூங்க முடியாத வலி நின்றால், மாற்றுச் சத்திரசிகிச்சை நல்ல சிகிச்சை. அதற்குப் போவது தோல்வி இல்லை. பலமான தொடைத் தசையோடு போகிறவர்கள் விரைவில் எழுந்து நடக்கிறார்கள் என்பதால், அதற்கும் இந்தப் பயிற்சிகள் வீண்போகாது.

இந்த நூற்றாண்டு மலர் லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் மெல்பேணுக்கும் டோஹாவுக்கும் போகும் என்று அறிகிறோம். அங்கே இருக்கும் நமது சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். இங்கேயுள்ள அம்மாவோடு அடுத்த முறை வீடியோவில் பேசும்போது, “மருந்து முடிஞ்சுதா” என்று கேட்பதோடு, “இன்றைக்கு எவ்வளவு நடந்தீங்க” என்றும் கேளுங்கள். கதிரையில் இருந்து செய்யும் பயிற்சியை அவரோடு சேர்ந்து நீங்களும் செய்யுங்கள். நமக்கும் நாற்பதும் ஐம்பதும் ஆகிவிட்டது.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. ஒவ்வொரு பொதுக்கூட்டத்தின் தொடக்கத்திலும் பத்து நிமிடம் இந்தப் பயிற்சிகளுக்கு ஒதுக்குவோம். மைதானத்தில் ஓடிய கால்கள்தானே இவை. டீச்சர்மார் முன்வரிசையில் இருந்து எண்ணட்டும்; அந்தக் குரலுக்கு இன்றும் நாம் பணிவோம்.

மூட்டுக்குள் இருக்கும் கலம் உயிரோடு இருக்கிறது. அது குறைந்த ஒட்சிசனில் வாழத் தெரிந்தது. அழற்சியில் வாழத்தான் அதற்குச் சிரமம். அந்த அழற்சியைக் கூட்டுவதும் குறைப்பதும் பெருமளவு நமது தட்டிலும் நடையிலும் இருக்கிறது. “தேஞ்சு போச்சு” என்று யாராவது உங்களிடம் சொன்னால், எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்.